விரியன் இல்லை என்ற ராமாமணி

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து மேற்கே பிரியும் மண்பாதையில் அமீர் ஹம்சாவின் மர டிப்போ இருந்தது. அங்கே ராமாமணி பதினோரு வருடம் தடி அளந்தார். லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தடிக்கும் டேப்பைச் சுற்றி, நீளம் பிடித்து, வெட்டுமுகத்தில் சாக்பீஸால் எண் போடுவது அவர் வேலை. அந்தப் பக்கத்து டிப்போக்களில் ஒரு பெண் தடி அளந்து யாரும் பார்த்ததில்லை. மரம் வாங்க வந்த ஆசாரிகள் முதலில் சிரித்தார்கள், பிறகு சண்டை போட்டார்கள். அரை அங்குலத்தைக்கூட அவர் விட்டுக்கொடுப்பதில்லை. பட்டையையும் சேர்த்து அளக்கச் சொன்னால் முதலாளியிடமே முடியாது என்பார். பொந்து விழுந்த தடியில் கூடுதலாகக் கழிக்கச் சொன்னால் வாங்க வந்தவரிடமும் முடியாது என்பார்.

சூலூர்ப் பக்கம் பருத்தி விளைவித்த தெலுங்கு பேசும் குடும்பம் அவருடையது. பத்தொன்பது வயதில் உடுமலைப்பேட்டைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் கை நீட்டுகிறவன். மூன்றாவது வருடம் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி, துடியலூரில் மோட்டார் பம்பு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த அண்ணன் வெங்கடபதியின் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு மாதத்தில் திரும்பிப் போய்விடுவாள் என்று அண்ணன் நினைத்தார். அந்த ஒரு மாதம் முடியவேயில்லை. வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட தனி அறை ஒன்றை அண்ணன் ஒதுக்கிக் கொடுத்தார். ராமாமணி அதில் இருந்துகொண்டு வேலைக்குப் போனார்.

பாம்பு வந்தபோது அவருக்கு நாற்பத்தொரு வயது.

1995 செப்டம்பர் முதல் வாரத்தில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மூன்று லாரி தேக்கு வந்தது. நம் காட்டுத் தேக்கு கிடைப்பது குறைந்து, டிப்போக்காரர்கள் கப்பலில் வரும் மரத்துக்கு மாறத் தொடங்கியிருந்த காலம். இரண்டாவது லாரியின் கடைசித் தடியைச் சங்கிலி போட்டு இறக்கினார்கள். அதன் அடிமுனையில் ஒரு பொந்து இருந்தது. ராமாமணி டேப்பை வைக்கக் குனிந்தபோது பொந்துக்குள் ஏதோ நகர்ந்தது.

முதலில் தலை வந்தது. கழுத்து மெலிந்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குத் தலை பெரிதாக இருந்தது. பிதுங்கிய கண்கள், அவற்றில் பூனைக்கு இருப்பதுபோல நெட்டுக்குத்தான கோடு. உடம்பு காய்ந்த வைக்கோலின் நிறம். வெயில் பட்டதும் அது வெளியே வழிந்து, தடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒடிந்த கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. ஐந்து அடிக்குக் குறையாது.

ரம்பம் ஓட்டும் செங்கோடன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். சங்கிலி பிடித்திருந்த ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“நகருங்க்கா. விரியனுங்க அது. தலையப் பாருங்க, முக்கோணமா இருக்குது.”

ராமாமணி நகரவில்லை. “செங்கோடா, விரியன் மரத்துல வாலப் போட்டுத் தொங்கி எங்கியாச்சும் பாத்திருக்கறயா? தரையில கெடக்கறதுங்க அது. கொஞ்சம் பொறு, பாத்துக்கலாம்.”

பாத்துக்கலாம் என்று அவர் சொன்னது பாம்பின் மேலிருந்த கருணையால் இல்லை என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். என்னவென்று தெரியாத ஒன்றை, தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே அடித்துப்போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அளக்காத தடியை அறுவைக்கு அனுப்புவதுபோல இருந்ததாம்.

ஒரு நீள ரீப்பர் கட்டையைப் பாம்பின் முன்னால் நீட்டினார். அது கட்டையில் மெல்ல ஏறிச் சுற்றிக்கொண்டது. கட்டையோடு தூக்கி, மண்ணெண்ணெய் வாங்கி வைத்திருந்த காலி டிரம்முக்குள் இறக்கினார். கையை வெளியே எடுக்கும்போது பாம்பு எட்டி, முழங்கைக்குக் கீழே கவ்வியது. கவ்விய உடனே விட்டுவிட்டது. கையிலிருந்து ரத்தம் கோடுகோடாக வழிந்தது.

அப்போது பயப்படவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அமீர் ஹம்சா ஆபீஸ் அறையிலிருந்து ஓடி வந்து அவரைத் தன் வேனில் ஏற்றினார். டிரம்மையும் ஏற்றினால்தான் வருவேன் என்று ராமாமணி சொல்லிவிட்டார். எது கடித்தது என்று டாக்டருக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்டார். அரசு ஆஸ்பத்திரி வரை அமீர் ஹம்சா ஒரு கையால் வேனை ஓட்டி, இன்னொரு கையால் டிரம்மின் மூடியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

டாக்டரும் அப்படியொரு பாம்பைப் பார்த்ததில்லை. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து உறைகிறதா என்று பார்த்தார்கள். உறைந்தது. மறுபடி பிடித்தார்கள், மறுபடி உறைந்தது. கை வீங்கவில்லை, கண் இமை தொங்கவில்லை. மறுநாள் மத்தியானம் வரை கட்டிலில் வைத்திருந்தார்கள். ராமாமணி படுத்துக்கொண்டு தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பல் தடம் இருக்க வேண்டிய இடத்தில் குதிரை லாட வடிவத்தில் ஊசிக் குத்துகள் வரிசையாக இருந்தன. எண்ணினார். முப்பத்தொன்று. அந்த வடுவை நானும் பார்த்திருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘விஷமற்ற பாம்புக்கடி’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை அவர் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார்.

திரும்பி வந்ததும் அதை அடித்துப்போடச் சொல்வார் என்று டிப்போவில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ராமாமணி டிரம்மைக் கயிறு போட்டுக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டு போனார். அமீர் ஹம்சா ஏன் என்று கேட்டதற்கு, கடித்தது என்னவென்று டாக்டருக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை, அப்புறம் யார்தான் தெரிந்துகொள்வது என்று பதில் சொன்னார்.

பாம்பைக் கொண்டு வந்ததை அண்ணனிடமும் தெருவிலும் சொல்லவில்லை. அறையில் பழைய வலையடித்த அலமாரி ஒன்று இருந்தது. பால், குழம்பு வைப்பதற்கு வாங்கியது. நடுத் தட்டுகளைக் கழற்றிவிட்டு, டிப்போவில் கழித்துப்போட்ட கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்தார். கதவுக்குப் பூட்டுப் போட்டார். பாம்பு மேல் கிளையில் ஏறி, உடம்பை மடித்து மடித்துத் தொங்கவிட்டு, நடுவில் தலையை வைத்துக்கொண்டது. பகலெல்லாம் அப்படியே கிடக்கும். வெயில் சாய்ந்ததும் மெல்ல அவிழும்.

தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு நாள் கழித்து, அறை வெக்கையாக இருக்கிறதே என்று துணி தேய்க்கும்போது தெளிக்கிற தண்ணீர் பாட்டிலால் ராமாமணி அலமாரிக்குள் தெளித்தார். பாம்பு தன் மேலேயே நின்ற சொட்டுகளை ஒவ்வொன்றாக உறிஞ்சியது. அன்றிலிருந்து காலையும் மாலையும் தெளித்தார். ஈரச் சாக்கு ஒன்றை அடியில் விரித்தார். ராத்திரிக் குளிருக்கு நாற்பது வாட் பல்பை வெளிப்பக்கமாகக் கட்டி, பாம்பு சுட்டுக்கொள்ளாதபடி கம்பிவலை சுற்றினார். யாரும் சொல்லித்தரவில்லை. பாம்பு எந்தப் பக்கம் நகர்கிறது, எதைக் கண்டு ஒதுங்குகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்.

சாப்பாடுதான் நடக்கவில்லை. டிப்போவில் எலி மருந்து வைக்கக் கூடாது என்று சண்டை போட்டு நிறுத்தி, பொறியில் விழுந்த எலிகளைக் கொண்டு வந்து நீள இடுக்கியில் பிடித்து நீட்டினார். பாம்பு நாக்கை நீட்டி மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஒரு மாதம் ஆயிற்று. ஆனாலும் அதன் அடிவயிறு இளைக்கவில்லை. அது ராமாமணிக்குப் புதிராக இருந்தது.

அக்டோபரில் பாம்பு சட்டை உரித்தது. கிழியாமல் முழுசாக, உள்வெளியாகத் திரும்பிக் கிளையில் தொங்கியது. ராமாமணி அதைத் தண்ணீரில் நனைத்துப் பாயில் விரித்தார். டேப்பை வைத்தார். ஐந்தடி ஏழு அங்குலம். சட்டை உரிக்கும்போது நீளும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. அடிவயிற்றுச் செதில்களை எண்ணினார். இருநூற்று அறுபத்தெட்டு. உடம்பின் நடுவில் குறுக்கே நாற்பத்தேழு. வாலுக்கு அடியில் ஒற்றை வரிசை. ஒவ்வொன்றையும் மூன்று முறை எண்ணிக் குறித்துக்கொண்டார்.

அந்தக் குறிப்பையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியின் விலங்கியல் துறைக்குப் போனார். வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பாம்பு தெரிந்தவர்களை என்றார் ராமாமணி. புவனா என்ற விரிவுரையாளர் வெளியே வந்தார். முப்பது வயதுகூட ஆகாதவர். நின்றபடியே கேட்டார். முக்கோணத் தலை, பூனைக்கண், முகத்தில் குழி, மரத்தில் தொங்குகிறது என்றதும், அது மலைக்காட்டில் இருக்கிற குழிவிரியன், உடனே அப்புறப்படுத்துங்கள் என்றார்.

“குழி எங்க இருக்கோணுங்க அதுக்கு?” என்று ராமாமணி கேட்டார்.

கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்று என்றார் புவனா.

“இதுக்கு அங்க இல்லீங்க மேடம். ஒதட்டு ஓரமா, சீப்புப் பல்லாட்ட வரிசையா இருக்குதுங்க. நா எண்ணி எழுதிட்டு வந்திருக்கறேன். இதையும் பாருங்க, கழிவு போற எடத்துக்கு ரெண்டு பக்கமும் சின்னதா கொக்கி மாதர நகம். விரியனுக்கு நகம் இருக்குதுங்களா?”

புவனா அப்போதுதான் உட்காரச் சொன்னார். சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு துறை நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தார். நகம் இருப்பது மலைப்பாம்புக்கும், அதைப்போல இரையை இறுக்கிக் கொல்லும் போவா என்ற வெளிநாட்டு வகைக்கும்தான். மலைப்பாம்புக்கு வாலடிச் செதில் இரட்டை வரிசை. இதற்கு ஒற்றை. பக்கம் பக்கமாகத் திருப்பி, கடைசியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறுத்தினார். கிளையில் மடிந்து தொங்கும் மெல்லிய கழுத்துக்காரி. மர போவா என்று புவனா வாசித்தார். தென் அமெரிக்காவிலும் அதை ஒட்டிய சில தீவுகளிலும் இருப்பது. விஷம் கிடையாது. ஆனால் அந்தப் பாம்பு துடியலூருக்கு எப்படி வரும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லாமல் இருந்தது.

திங்கட்கிழமை ராமாமணி அமீர் ஹம்சாவிடம் அந்தத் தேக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டார். கப்பல் காகிதத்தைப் பார்த்து டிரினிடாட் என்றார் முதலாளி. ராமாமணி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து போன் பூத்திலிருந்து கல்லூரிக்குப் பேசினார். மறுமுனையில் புவனா புத்தகத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. தீவுகளின் பட்டியலில் டிரினிடாட் இருந்தது. சாயங்காலமே புவனா பாம்பைப் பார்க்கத் துடியலூருக்கு வந்துவிட்டார். அவர்தான் அது சினையாக இருக்கலாம், அதனால் தின்னாமல் இருக்கலாம் என்று சொன்னவர். போவாக்கள் முட்டை இடுவதில்லை, குட்டி போடும்.

நவம்பர் நடுவில் ஒரு காலை, ராமாமணி தண்ணீர் தெளிக்கப் போனபோது அலமாரி முழுக்க நூல்கயிறுபோலக் குட்டிகள் தொங்கின. சில மஞ்சள், சில செங்கல் நிறம். மொத்தம் பதினொன்று. அவற்றில் இரண்டு உயிரில்லாமல் சாக்கில் கிடந்தன. ராமாமணி கதவைத் திறந்து போட்டுக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நாச்சியம்மாள் ஆப்பச்சோடாவோ எதுவோ கேட்டு உள்ளே வந்தவர், பார்த்துவிட்டு அப்படியே திரும்பி நடந்தார்.

அரை மணி நேரத்தில் தெருவே வாசலில் நின்றது.

தெருவுக்கு அத்தனை ஆத்திரம் ஏன் வந்தது என்றால், அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சங்கதி இருந்தது: விரியன்தான் குட்டி போடும். அது போவா என்று ராமாமணிக்கும் புவனாவுக்கும் சந்தேகமில்லாமல் காட்டிய அதே குட்டிகள், தெருவுக்கு அதை விரியன் என்று காட்டின. ஒன்றோடு போகாமல் பத்துப் பன்னிரண்டு விரியன்கள். ஒன்று நழுவினாலும் பிள்ளைகுட்டி இருக்கிற வீடுகள். நாச்சியம்மாள் கத்தவில்லை. பதமாகத்தான் கேட்டார்.

“ஏனம்மணி, நாங்க சாகறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

ராமாமணி டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வந்தார். கையைக் காட்டினார். இது போவா, இதுவும் குட்டி போடும் வகை என்றார். நாச்சியம்மாள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு, டாக்டருக்கே தெரியாத பாம்பு என்று நீதானே சொன்னாய் என்றார் ஒருவர். கூட்டத்தில் வேறு ஒரு கட்சியும் இருந்தது. இரண்டு பெண்கள் தட்டில் பாலும் முட்டையும் மஞ்சளும் கொண்டு வந்து நிலைப்படியில் வைத்துக் கும்பிட்டார்கள். வேண்டிக்கொள்ள வந்தவர்களை ராமாமணி இன்னும் கடுமையாக விரட்டினார். பாம்பு பால் குடிக்காது, இது சாமியும் கிடையாது, பிசாசும் கிடையாது, எலி தின்கிற ஒரு உயிர் என்று தட்டைத் தூக்கி அவர்கள் கையிலேயே கொடுத்தார். இப்படி அடிக்க வந்தவர்களையும் கும்பிட வந்தவர்களையும் ஒரே காலையில் பகைத்துக்கொண்டார்.

யாரோ மனு கொடுத்ததில் மூன்றாம் நாள் வனத்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலை வைத்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். நம் நாட்டுப் பாம்பு ஒவ்வொன்றுக்கும் அதில் இடமிருந்தது. இதற்கு இல்லை. கடைசியில், எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றி மலையடிவாரத்தில் விட்டுவிடுகிறேன், உங்களுக்கும் தொல்லை இல்லை என்றார். தெருவுக்கும் அது நியாயமாகப் பட்டது. வெங்கடபதி உடனே சரி என்றார்.

“முடியாதுங்க” என்றார் ராமாமணி. “இது கடல் தாண்டி வந்ததுங்க. நம்ம காட்டுக் குருவிக்கும் ஓணானுக்கும் இது யாருன்னே தெரியாது. விட்டா ஒண்ணு இது சாகும், இல்லாட்டி அதுங்க சாகும். கொல்லறதுக்கும் விட மாட்டேன், காட்டுல விடறதுக்கும் விட மாட்டேன். எழுதிக் குடுக்கோணும்னா எங்கிட்ட எழுதி வாங்கிக்கங்க.”

அதிகாரி எழுதித்தான் வாங்கினார். பாம்பு தன் பொறுப்பில் இருக்கிறது, வெளியே விட மாட்டேன், யாருக்கும் விற்க மாட்டேன் என்று ராமாமணி தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். தகவல் கேட்டு வந்திருந்த புவனா அடியில் பாம்பின் லத்தீன் பெயரை எழுதினார். ஜீப் காலியாகத் திரும்பியது.

கூட்டம் கலைந்ததும் வெங்கடபதி தங்கையின் அறை வாசலில் வந்து நின்றார். கம்பெனியில் தன்னைப் பாம்புக்காரி அண்ணன் என்று கூப்பிடுகிறார்கள் என்றார். மூத்த மகளுக்கு வரன் பார்க்கிற நேரம் என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

“ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நீ இரு. ரெண்டும் என்ற ஊட்டுல வேண்டாம், ராமா.”

“அன்னைக்கு நா பொட்டியோட வந்தப்பவும் ஒரு மாசத்துல போயிருவேன்னுதான நெனச்சீங்க, அண்ணா. போறேன். அதையும் கூட்டிட்டே போறேன்.”

மறுநாளே டிப்போவின் தட்டு வண்டியில் அலமாரி ஏறியது. டிப்போவின் பின்மூலையில் முன்பு வாட்ச்மேன் தங்கிய ஓட்டு அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அமீர் ஹம்சாவிடம் ராமாமணி கேட்கவில்லை. அங்கே இருக்கப் போகிறேன் என்று சொன்னார். முதலாளி தலையைச் சொறிந்தார். வேலை ஆட்களைச் சமாளிப்பது அவருக்குப் பெரும்பாடு. அவர் பயந்தபடியே பத்து மணிக்கு ரம்பம் நின்றது. செங்கோடனும் மற்ற எட்டுப் பேரும் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். பாம்பு போனால்தான் வேலை என்றார்கள்.

ராமாமணி அவர்களிடம் நடந்து போனார். சேலைத் தலைப்பை ஒதுக்கி வலது கையை நீட்டினார்.

“செங்கோடா, நீ பக்கத்துல நின்ன. எந்தக் கையில புடிச்சுதுன்னு சொல்லு.”

செங்கோடன் குனிந்து கையைப் பார்த்தார்.

“ரெண்டு மாசம் பத்து நாளாச்சு. அதுக்கப்பறம் இந்தக் கையிலதான் உங்க தடியெல்லாம் அளந்திருக்கறேன். நீங்க இன்னும் விரியன்னே சொல்றீங்க. செரி, அப்படியே வெச்சுக்கங்க. அறைக்கு ரெண்டு பூட்டு, அலமாரிக்கு ஒரு பூட்டு, சாவி என்ற இடுப்புல. கூரைக்கும் சொவத்துக்கும் நடுவுல இருக்கற சந்தெல்லாம் இன்னைக்கே சிமென்ட் பூசறேன், வந்து பாத்துக்கங்க. அதுக்கு மேலயும் வேண்டாம்னா சொல்லுங்க, நானும் அதும் போயர்றோம். தடிய நீங்களே அளந்துக்கங்க.”

ஒருவர், அது உங்களை மறுபடி கடித்துக் காட்டினால் நம்புகிறோம் என்றார். ராமாமணி அதற்கு மட்டும் கோபப்பட்டார். வேடிக்கைக்காக ஒரு பிராணியைச் சீண்ட மாட்டேன், கழைக்கூத்து பார்க்க வேண்டுமென்றால் சந்தைக்குப் போங்கள் என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லாமல் போய் சிமென்ட் குழைத்தார்.

மத்தியானம் வரை யாரும் எழவில்லை. இரண்டு மணிக்கு ஒரு லாரி வந்தது. இறக்க வேண்டியிருந்தது. செங்கோடன் அறைக்குப் போய், பூசிய இடங்களை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். கதவுக்கு அடியில் விரற்கடைச் சந்து இருக்கிறது என்றார். ராமாமணி அங்கே ஒரு ரீப்பரை அடித்தார். அதன் பிறகு செங்கோடன் ரம்பத்தைப் போட்டார். பாம்பை அவர் கடைசிவரை விரியன் என்றுதான் சொன்னார். ராமாமணியும் ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்வதை விடவில்லை.

அந்த மாதமே தாய்ப்பாம்பு முதல் எலியை வாங்கியது. ராமாமணி இடுக்கியை நீட்டியபடி நின்றிருந்தார், மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பாம்பு கிளையிலிருந்து தொங்கி, எலியைக் கவ்வி, அந்தரத்திலேயே சுற்றி இறுக்கி, தலைகீழாகவே விழுங்கியது. இருபது நிமிடம் ஆயிற்று. ராமாமணி இடுக்கியைக் கீழே வைக்க மறந்து நின்றார். கை மரத்துப்போயிருந்தது என்று சொன்னார்.

குட்டிகளைக் காப்பாற்றுவது அத்தனை சுலபமாக இல்லை. அவை பல்லியைத்தான் தின்றன, எல்லாமும் தின்னவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனி ஹார்லிக்ஸ் பாட்டிலில் துளை போட்டு வைத்து, பல்லி வாடை வரும்படி தேய்த்த எலிக்குஞ்சைக் கொடுத்துப் பழக்கினார். நான்கு செத்தன. ஒவ்வொரு சாவுக்கும் அவர் தன்மேல்தான் பழி போட்டுக்கொண்டார். குளிரா, ஈரமா, பசியா என்று குறிப்பேட்டில் எழுதினார். மிச்சம் ஐந்து.

அடுத்த வருடம் ஐந்தும் ஒரு முழம் வளர்ந்ததும் சென்னையில் ஒரு பாம்புப் பண்ணைக்குக் கொடுப்பதற்குப் புவனா கடிதம் எழுதி ஏற்பாடு செய்தார். ராமாமணி அவற்றைத் தலையணை உறைகளில் கட்டி, மூங்கில் கூடையில் வைத்து, பகல் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். ஈரோட்டில் ஏறிய ஒரு அம்மாள் கூடையில் என்ன என்று கேட்டார். பாம்பு என்றார் ராமாமணி. அந்த அம்மாள் சிரித்துவிட்டு, சொல்ல இஷ்டமில்லையென்றால் வேண்டாம் என்று முறுக்கை நீட்டினார். சென்னை வரை அவர்கள் முறுக்கு தின்றபடி பேசிக்கொண்டு போனார்கள்.

பண்ணையில் இருந்தவர் அவர் குறிப்பேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். எந்தக் காலேஜில் வேலை என்று கேட்டார். மர டிப்போ என்றதும் மறுபடி ஒருமுறை முதலிலிருந்து புரட்டினார். தாயையும் தரலாமே என்று கேட்டார். ராமாமணி யோசித்ததாகச் சொன்னார். அங்கே கூண்டு பெரிதாக இருந்தது, ஈரப்பதம் பார்க்கும் கருவி இருந்தது. ஆனாலும் தரவில்லை. அது சுயநலம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அண்ணன் வீட்டோடு பேச்சு இரண்டு வருடம் நின்றிருந்தது. மகளின் கல்யாணத்துக்கு வெங்கடபதியே டிப்போவுக்கு வந்து பத்திரிகை வைத்தார். பந்தலில் பாம்புப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ராமாமணி போனார், தானாக எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா, நீங்கள்தான் அந்த விரியன் வளர்க்கிற அம்மாவா என்று கேட்டபோது, சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, உதட்டுக் குழியிலிருந்து வாலடிச் செதில்வரை பத்து நிமிடம் விளக்கினார். வெங்கடபதி அந்தப் பக்கமே வரவில்லை.

பாம்பு 1999 மார்ச்சில் செத்தது. வாயில் சீழ் பிடித்திருந்தது. கால்நடை டாக்டர் ஒருவர் மருந்து கொடுத்துப் பார்த்தார், தேறவில்லை. மூன்றரை வருடம் அவரிடம் இருந்தது. அது அவரை அடையாளம் தெரிந்துகொண்டதா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். கை நீட்டினால் கடைசிவரை சீறியது. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. அது தன்மேல் பிரியப்பட வேண்டுமென்று அவர் வளர்க்கவில்லை.

கல்லூரி அருங்காட்சியகத்தில் வைக்கலாமா என்று புவனா தயங்கித் தயங்கிக் கேட்டார். ராமாமணி ஒரு நாள் கழித்துச் சம்மதித்தார். தானே நகரத்துக்கு எடுத்துப் போய்க் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது, கண்ணாடிச் சாடியில் ஃபார்மலினில் பாம்பு சுருண்டிருந்தது. அடியில் சீட்டு. மர போவா. கிடைத்த இடம்: துடியலூர் மரக்கிடங்கு. அவ்வளவுதான்.

புவனா அன்றைக்கு லீவு. ராமாமணி ஆபீஸ் கிளார்க்கிடம் போய், கொடுத்தவர் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்றார். பட்டம் பெற்றவர்கள் சேகரித்ததற்கு மட்டும்தான் பெயர் போடுவது வழக்கம் என்று கிளார்க் சொன்னார். துறைத்தலைவர் வந்தார். அவரும் அதையேதான் நாசூக்காகச் சொன்னார்.

“இருநூத்தி அறுவத்தெட்டு செதில எண்ணினது யாருங்க? பட்டமா எண்ணுச்சு?” என்றார் ராமாமணி. “பேரு போடுங்க. இல்லாட்டி சாடிய எடுத்துட்டுப் போறேன்.”

சொன்னதோடு நிற்காமல் சாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வகுப்புக்குப் போகிற மாணவிகள் நின்று பார்த்தார்கள். துறைத்தலைவர் மாணவிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கிளார்க்கிடம் புதுச் சீட்டு எழுதச் சொன்னார். கிளார்க் எழுத உட்கார்ந்து, பெயருக்கு முன்னால் திருமதி போடுவதா செல்வி போடுவதா என்று கேட்டார்.

ரெண்டும் வேண்டாம், ராமாமணி என்று மட்டும் எழுதுங்கள் என்றார் அவர். எழுதி முடியும்வரை பக்கத்திலேயே நின்று, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பஸ் பிடித்துத் துடியலூருக்கு வந்து, அன்று மீதியிருந்த பதினாலு தடிகளையும் அளந்தார்.